பதினொன்று பத்து

எங்கள் லாரி ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அக்கா. அறுபது தாண்டிய லோடுமேனும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலாளியான என் மாமனார்கூட "ஏம்மா அக்கா" என்பார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததும் மாடியில் சமையலையும் கீழே ஆபீஸில் இன்சூரன்ஸ் காகிதங்களையும் சேர்த்தே என் தலையில் கட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கும் அவர் அக்கா. வயது நாற்பத்தேழு. இரண்டு முறை சம்பந்தம் பேசி இரண்டு முறையும் தட்டிப்போனது. மூன்றாவதாகப் பேச யாரும் மெனக்கெடவில்லை. தம்பி வீட்டில் ஓர் அறை, எங்கள் ஆபீஸில் ஒரு மேஜை, அவ்வளவுதான் அக்காவுக்கு.

மேஜைமேல் போன், எதிர்ச் சுவரில் கரும்பலகை. எங்களுக்கு ஒன்பது லாரிகள். ஓட்டுநர்கள் வழியிலிருந்து போன் செய்து எங்கே வருகிறோம் என்று சொல்வார்கள். அக்கா அதைச் சாக்பீஸால் பலகையில் எழுதுவார். ஒரு ஓட்டுநர் மாமியார் புராணம் பாடி முடிக்காமல் போனை வைக்கமாட்டார். இன்னொருவர் எண்ணி எண்ணிப் பேசுவார். அவருக்கு லோடுமேன்கள் வைத்த பெயர் தந்தி. மலைக்கு அப்பால் இருக்கும் ஆலையிலிருந்து தினமும் காகிதம் ஏற்றி வருபவர். மனைவி இறந்து வெகுநாளாகிறது. பன்னிரண்டு வருடமாகச் சரியாகப் பதினொன்று பத்துக்கு அவர் போன் வரும்.

"நான்தான். பாலம் தாண்டிட்டேன். லோடு நல்லாருக்கு." பிறகு ஒரு கேள்வி. "அங்க மழையா?"

காகிதம் நனைந்தால் கதை கந்தல், ஆகவே கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் கொளுத்தும் கோடையிலும் அவர் அதைக் கேட்பார். அக்காவும் ஜன்னலுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். நான் கிண்டல் செய்தால், பேப்பர் லோடு, பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பார். அக்காவை அக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் தந்திதான் என்பது எனக்கு உறைக்கவே நான்கு வருடம் ஆனது. சரக்கை நேரே கிடங்கில் இறக்கிவிடுவதால் வாரம் ஒருமுறைதான் ஆபீஸுக்கு வருவார். டிரிப் ஷீட்டை மேஜையில் வைப்பார், கொஞ்ச நேரம் தன் செருப்பைப் பார்ப்பார், போய்விடுவார். 

நாலு மாதத்துக்கு முன் என் கணவர் எல்லா லாரிகளிலும் ஜி.பி.எஸ். மாட்டினார். கல்யாணமான புதிதில் என்னைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை, அந்தத் திரையை அப்படிப் பார்த்தார். இனி வண்டி பழுதானால் மட்டும் போன் பண்ணுங்கள் என்று ஓட்டுநர்களுக்கு உத்தரவு போட்டார். ஆபீஸ் அடங்கிப்போனது. தந்தியின் வண்டிக்கு நேரே 'பாலம்' என்று கடைசியாக எழுதியதை அக்கா அழிக்கவில்லை. பதினொன்று அடித்ததும் போனைத் துணியால் துடைப்பார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்து வைப்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது, நான் கேட்காமலே சொன்னார். "வீட்டுல யாரும் என்னை நீ எங்க இருக்கன்னு கேக்கறதில்ல. அந்த ஒரு போன் வந்தா, நானும் ஒரு இடத்துல இருக்கேன்னு தோணும்."

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

போன திங்களன்று என் கணவர் திரையைப் பார்த்துக் கொதித்தார். தந்தி தினமும் ஒரே இடத்தில் இருபது நிமிடம் வண்டியை நிறுத்துகிறாராம். டீசலை இறக்குகிறாரோ, சரக்கைக் கைமாற்றுகிறாரோ. கேட்டதற்கு "சும்மாதான்" என்றாராம். அடுத்த வாரம் அவரை என் கணவரின் தாய்மாமன் பார்த்துக்கொள்ளும் கிளைக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. அது நானூறு கிலோமீட்டர் தள்ளி. அங்கே போன ஓட்டுநர் யாரும் இந்த வாசலை மறுபடி மிதித்ததில்லை. மாற்றல் கடிதத்தை அக்காதான் டைப் அடிக்க வேண்டும்.

என் கணவர் திரையை அக்கா பக்கம் திருப்பினார். "பாலம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க், அக்கா. அங்க அப்படி என்ன இருக்கு?"

"பங்க் பக்கத்துல ஒரு மரம் இருக்கு. மலை இறங்கினா அங்கதான் முதல்ல டவர் கிடைக்கும்."

அந்தப் பக்கமே போகாத உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என் கணவர் கேட்டார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று எட்டு. திரையில் தந்தியின் வண்டிப் புள்ளி பாலத்தைத் தாண்டியது, மெதுவானது, நின்றது.

என் கணவருக்கு அதில் டீசல் தெரிந்தது. எனக்கோ, போனைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிட ஒரு காரணம் கிடைக்காமல் மரத்தடியில் நிற்கிற ஒரு மனிதர் தெரிந்தார். அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

பன்னிரண்டு வருடத்தில் அக்கா அவரை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவது அவர் வேலை, எடுப்பது இவர் வேலை என்றே இருந்தது. இப்போது நோட்டில் எண்ணைத் தேடக்கூட இல்லை, மனப்பாடம். முதல் தடவை தப்பாக அழுத்தினார். மறுபடி அழுத்தினார். என் கணவர் வாயைத் திறக்கப் போனார், நான் அவர் காலை மிதித்தேன்.

முதல் மணி முடிவதற்குள் அந்தப் பக்கம் எடுத்தாயிற்று.

"நான்தான்," என்றார் அக்கா. ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "அங்க மழையா?"

என் கணவர் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரும் அவ்வளவு மக்கு இல்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

ரிசீவரிலிருந்து குரல் எனக்கும் கேட்டது. வெளியிலேயே நிற்கிற மனிதர் சொன்னார்:

"இருங்க. பாத்துட்டு வந்து சொல்றேன்."