காலி லாரியில் ஓர் ஆள் எடை

இது நடந்தது. ஓபர்தால் ஊரின் வாரப் பத்திரிகையில் பத்தொன்பது வருடமாகச் செய்தி எழுதுகிறேன். இரண்டு பேர் உறுதி சொல்லாத எதையும் அச்சில் ஏற்றியதில்லை. இதற்குச் சாட்சி நானும், கிழவர் வெர்ஜிலும், ஓர் எடைமேடையும்தான். அதனால் பத்திரிகையில் போடவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பத்திரிகை வருமானம் போதாது. ஆகவே ஜூன் மாதக் கோதுமை அறுவடையின்போது ஊர்த் தானியக் கிடங்கில் எடை போடும் வேலைக்குப் போவேன். கான்சஸ் மாநிலத்தின் மேற்கில், மேடும் மரமும் இல்லாத தரையில், எங்கள் ஊர் இருப்பதே அந்த வெள்ளைக் கிடங்கினால்தான். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானியர்கள் முதலில் தேவாலயம் கட்டினார்கள், ரயில் வந்ததும் கிடங்கு. பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. முந்நூறு பேர் மிச்சம் இருக்கிறோம்.

வேலை எளிது. கோதுமையோடு லாரி மேடையில் ஏறும்; எடை பார்ப்பேன். கிடங்குக் குழியில் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும், மறுபடி பார்ப்பேன். வித்தியாசம்தான் கோதுமை. ஒரே ஒரு விதி உண்டு. முதல் தடவை வண்டிக்குள் யார் இருந்தார்களோ, இரண்டாம் தடவையும் அவர்கள் இருக்க வேண்டும். ஓட்டுநரின் தொப்பையைக் கோதுமை விலைக்கு வாங்கிவிடக் கூடாதல்லவா?

அன்று சாயங்காலம் மேற்கே மேகம் கறுத்திருந்தது. ஆலங்கட்டி விழுந்தால் நிற்கிற பயிர் போய்விடும். ஏழரை மணிக்கு டார்லா லைக்கர் வந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். அப்பா வயலில் அறுக்க, இவள் தன் தாத்தா வாங்கிய பழைய லாரியில் கொண்டுவந்து கொட்டுவாள்.

காலியாகத் திரும்பியபோது எண் சரியில்லை. அந்த லாரியின் காலி எடை, டார்லாவோடு சேர்த்து, எனக்கு மனப்பாடம். நூற்று அறுபது பவுண்டு கூடுதலாகக் காட்டியது.

ஒலிபெருக்கியில் கேட்டேன். "டார்லா, கூட யாராவது இருக்காங்களா?"

"ஆமா நெட்டிக்கா, ரகசியமா ஒரு மாப்பிள்ளை. ஏன்?"

"எடை கூடக் காட்டுது. தொட்டியில கோதுமை ஒட்டியிருக்கா பாரு."

ஏறிப் பார்த்தாள். "தொடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. மத்தியானம் நீங்க கொடுத்த கறி ரொட்டியாத்தான் இருக்கும். கல்லு மாதிரி!"

சிரித்துக்கொண்டே பழைய எடையைப் பதிந்து அனுப்பினேன். அடுத்து வந்த மூன்று லாரிகளும் சரியாக இருந்தன. மேடையில் கோளாறு இல்லை.

எட்டரைக்கு மறுபடி வந்தாள். கொட்டிவிட்டுத் திரும்பினாள். அதே நூற்று அறுபது. இந்தத் தடவை எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நூற்று அறுபது... நூற்று எண்பது... நூற்று அறுபது...

கோதுமை அசையாது. இரும்பு அசையாது. உட்கார்ந்திருக்கிற ஆள்தான் அசைவான்.

கதவைத் திறந்துகொண்டு வெர்ஜில் வந்தார். எழுபது தாண்டியவர், குழியருகே நின்று லாரிகளைக் கொட்ட வைப்பது அவர் வேலை. எரிச்சலாக இருந்தார்.

"யாரு அந்தப் பொண்ணு பக்கத்துல? குனிஞ்ச தலை நிமிரல. ஒரு விரலக்கூடத் தூக்க மாட்டேங்கறான். எந்த ஊரு மரியாதை இது?"

எங்கள் பக்கத்துச் சாலைகளில் எதிரே வருகிறவர் எதிரியானாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்குவோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டார்லா மட்டும் இருந்தாள். பக்கத்து இருக்கையின் கண்ணாடியில் மேகம் தெரிந்தது.

நான் பச்சை விளக்கு போடாமல் எந்த லாரியும் மேடையை விட்டு இறங்காது. சிவப்பிலேயே வைத்தேன்.

"டார்லா, இறங்கி உள்ள வா."

"அப்பா கத்துவாருக்கா! மழை வந்துடும்."

"வான்னா வா."

அவள் இறங்கினாள். அவள் எடை மட்டும் குறைந்தது. நூற்று அறுபது அப்படியே இருந்தது.

உள்ளே வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். "அந்த லாரிய இன்னிக்கு ஓட்டாதே," என்றேன்.

"பாதி வயல் நிக்குது. நான் போகலேன்னா இந்த வருஷம் எங்களுக்கு ஒண்ணுமில்ல. என்னாச்சு உங்களுக்கு? முகமே வெளுத்துப்போச்சு."

ஆளில்லாத மண் சாலையில் ஒன்பது மைல். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பெண்ணை எப்படி அனுப்புவேன்? வெர்ஜிலும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண் இறங்கியது.

நூற்று அறுபதும் போய்விட்டது. லாரி மட்டும்.

லாரிக் கதவு திறக்கவில்லை. சத்தமும் இல்லை.

பிறகு... வெளியே மரப்படி முனகியது. எங்கள் அறைக்கு மூன்று படி.

இரண்டாவது படி...

மூன்றாவது...

கதவு திறக்கவே இல்லை. ஆனால் அறைக்குள் ஒரு வாசம் வந்தது. நாள்பட்டுப் புழுங்கிய கோதுமை.

டார்லா மூக்கைச் சுளித்தாள். "என்னக்கா இது?"

"போ. இப்பவே போ. ஓடு."

ஓடினாள். ஏறினாள். எண்ணைப் பார்த்தேன். லாரியும் டார்லாவும் மட்டும்.

பச்சை போட்டேன்.

அவள் தப்பித்துவிட்டாள் என்று மூச்சு விட்டேன்.

ஒன்பதரைக்கு மழை பிடித்தது. கடையைக் கட்டினோம். வெர்ஜில் விளக்குகளை அணைக்கப் பின்தங்கினார். வெளியேற வேறு வழி கிடையாது; என் பிக்கப் வண்டியும் தினமும் எடைமேடை மீது ஏறித்தான் போகும்.

சாலைக்கு வந்ததும் சத்தம் தொடங்கியது.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து இருக்கையில் பெல்ட் போடவில்லை என்கிற எச்சரிக்கை. இருக்கையில் பை எதுவும் இல்லை. மழை ஈரத்தில் ஒயர் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன். திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். சத்தம் நின்றது.

எஞ்சினை நான் இன்னும் அணைக்கவில்லை.

மறுநாள் காலை காப்பிக் கடையில் வெர்ஜில் காத்திருந்தார். டார்லா வீட்டார் மழைக்கு முன் பெரும்பகுதியை அறுத்துவிட்டார்களாம், அவள் தூங்குகிறாளாம். அதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நான் சின்னப் பையனா இருந்தப்ப நடந்தது. அதே லாரி. டார்லாவோட தாத்தா ஓட்டினாரு. பக்கத்துல அறுவடைக்கு வந்த கூலியாளு, ஒக்லஹோமாக்காரன். ரெண்டு பேரும் உள்ள உட்காந்திருக்க லாரிய எடை போட்டாங்க. கொட்டிட்டு ஒருத்தர்தான் திரும்பினாரு. இவன் எங்கயோ குடிக்கப் போயிட்டான்னு நினைச்சாரு."

"அப்புறம்?"

"செப்டம்பர்ல கிடங்கைக் காலி பண்ணாங்க. குழியில விழுந்தவன் கோதுமைக்கு அடியில இருந்தான்."

வெர்ஜில் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அவன் எடையையும் கோதுமைன்னு சேத்துக் காசு கொடுத்திருக்காங்க, நெட்டி. எடை போட்டவரு ஜன்னல்ல எட்டிப் பாத்து, 'இன்னொருத்தன் எங்கய்யா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே தேடியிருப்பாங்க."

எழுந்து தொப்பியை எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நேத்து நீ கிளம்பறப்ப எண்ணைப் பாத்தேன். உன் வண்டியில ரெண்டு பேர் இருந்தீங்க."

அந்தக் காலத்தில் எடை போட்டவர் யார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. முப்பது வருடம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் என் தாத்தா.

அவர் கட்டிய வீட்டில்தான் நான் இருக்கிறேன்.