அக்கா கொடுக்காத அவரை விதை

எண்பதுகளின் கடைசியில் என் அக்கா கிள்ளானில் காய்கறித் தோட்டம் போட்டிருந்தாள். நான் பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போவேன். விதை கேட்டு வந்த யாரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. பக்கத்துத் தோட்டக்காரி வரப்புக்காக அவளோடு ஓயாமல் சண்டை போடுவாள்; விதைக்கு மட்டும் கூச்சமில்லாமல் வந்து நிற்பாள். அக்காவும் திட்டிக்கொண்டே கொடுப்பாள்.

ஒரு கம்பெனி பாகல் விதை கொடுத்து, விளைந்ததைத் தானே லோரியில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னது. பாசாரில் கூவி விற்கும் பாடு மிச்சமென்று அக்கா கையெழுத்துப் போட்டாள். அந்த விதையை எடுத்து வைக்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது என்று தாளில் இருந்ததாம். ஆள் பிடிக்க வந்த ஏஜெண்டு லோரிக் கதையை மட்டும்தான் சொன்னான், படுபாவி.

நல்ல காய் ஒன்றைப் பழுக்க விட்டு, யாரும் பறித்துவிடாமல் காம்பில் சிவப்புத் துணி கட்டுவது எங்கள் வழக்கம்; பாகல் கொடியிலும் அக்கா அப்படிக் கட்டியிருந்தாள். பார்வையிட வந்த கம்பெனிக்காரர் அது என்னவென்று கேட்டார்.

"விதைக்கு விட்டிருக்கேன் தம்பி. எவ்வளோ பெருசு பாருங்க! வேணும்னா உங்களுக்கும் தரேன் லா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவர் காயை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"கம்பெனி விதை அக்கா இது. எடுத்து வச்சா கேஸ் ஆயிடும்."

அதன்பிறகு லோரி வரவில்லை. பாகல் கொடியிலேயே பழுத்து வெடித்தது. அதைக்கூட அக்கா தாங்கிக்கொண்டாள். 'கேஸ்' என்ற சொல்தான் அவளை அரித்தது.

அந்த வருஷ மழையில் வெள்ளம் வந்து பக்கத்துத் தோட்டங்கள் அழிந்தன. வரப்புச் சண்டைக்காரி வந்து அவரை விதை கேட்டாள். எங்கள் அம்மா எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த அவரை அது. மிச்சமிருந்தது அக்காவின் அடுப்படிப் போத்தலில் இருந்தது மட்டுமே.

"இல்ல," என்றாள் அக்கா.

வந்தவள் போத்தலைப் பார்த்தாள். சண்டை போடாமல் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அது நம்ம அம்மா விதை அக்கா! கம்பெனிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? யாருக்கு வேணும்னாலும் நீ கொடுக்கலாம்."

"கையெழுத்துப் போட்டவ நான்டா. புடிச்சிட்டுப் போனா நீயா வருவே?"

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது சோற்றின்மேல் குழம்பை ஊற்றினாள். அவரைக் கொட்டைக் குழம்பு. போத்தல் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"இனிமே யாரும் வந்து கேக்க மாட்டாங்க. சாப்பிடு," என்றாள்.