தண்ணிப் பிளேனுக்குச் சட்டை தைச்ச கதை

உடுப்புத் திருத்துற கடைக்கு வாற ஆக்களிலை, "நாளைக்கே வேணும்" எண்டு சொல்லாத ஒருத்தரையும் நான் இன்னும் காணேல்லை. ஜேர்மனியின்ரை தெற்கிலை, ஒரு பெரிய ஏரிக்கரைப் பட்டினத்திலை, இருபத்திரண்டு வருசமாக் கடை வைச்சிருக்கிறன். காற்சட்டைக் கால் கட்டையாக்கிறது, சிப் மாத்திறது, கோடையிலை எங்கடை சனத்துக்குச் சாறி பிளவுஸ் தைக்கிறது, இதுதான் என்ரை சீவியம். ஊசி குத்தின விரலோடை சம்பல் பினைஞ்சு எரிவு கண்ட ஆக்களே, உங்களுக்குத்தான் இந்தக் கதை. மற்ற ஆக்களுக்குச் சொன்னால் "நல்ல வேலை தானே, இருந்த இடத்திலை" எண்டுவினம். இருந்து பாருங்கோவன் அப்ப!

ஒன்பது மீற்றர் வாடிக்கைக்காரர்

ஒரு யூன் மாசம், மழைக்குள்ளாலை ஒரு நெட்டை மனுசன் தோளிலை பெரிய லினன் துணி உருளை ஒண்டைக் காவிக்கொண்டு வந்து நிண்டார். பேர் கிளவுஸ், பென்சன் எடுத்த எஞ்சினியர். உறை ஒண்டு தைக்கவேணுமாம். தலையணைக்கோ எண்டு கேட்டன். இல்லையாம், பிளேனின்ரை செட்டைக்காம், இறக்கைக்காம். வெட்டுற மேசையிலை அவர் படத்தை விரிக்க, அது ரெண்டு பக்கத்தாலையும் வழிஞ்சு நிலத்திலை தொங்கிச்சுது. செட்டையின்ரை முழு நீளம் ஒன்பது மீற்றர்.

முதலாம் உலக யுத்தத்துக்கு முந்தி, காசுக்காரரும் விசரரும் சேர்ந்து ஏரிகளிலை பிளேன் பந்தயம் விட்டவையாம். சில்லுக்குப் பதிலா அடியிலை வள்ளம் மாதிரி ரெண்டு மிதவை. தண்ணியிலை ஓடி எழும்பவேணும், மிதக்கிற அடையாளங்களைச் சுத்திப் பறக்கவேணும், திரும்பவும் தண்ணியிலை இறங்கிக் காட்டவேணும். மரமும் கம்பியும் துணியும்தான் முழு உடம்பும். அப்பிடி ஒண்டைப் பழைய படங்களைப் பார்த்து, இவையளின்ரை சங்கம் பன்ரண்டு வருசமா ஒரு வள்ளக் கொட்டிலுக்குள்ளை கட்டிக்கொண்டிருக்குது. எனக்குக் கேக்க நல்ல புழுகமும் சந்தோசமும், ஆனால் தொழில்காரியின்ரை வாய் சும்மா இருக்குமே? எப்ப வேணும் எண்டு கேட்டன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "பன்ரண்டு வருசம் பொறுத்திட்டம். ஆனால் ஓகஸ்ட் மாசத்துக்குப் பிறகு தந்தால் ஒண்டுக்கும் உதவாது."

ஓகஸ்ட் அளவு

ஏன் ஓகஸ்ட் எண்டு அடுத்த கிழமைதான் விளங்கிச்சுது. பிர்கிட் எண்டு ஒரு அம்மா, தடிச்ச காற்சட்டை ஒண்டோடை வந்தா. வயசு எழுபத்தொண்டு, வெட்டின மயிர், ஆம்பிளைச் சப்பாத்து. பிளேனை ஓட்டப்போறது அவதான். பழைய படங்களைத் தேடிக் கண்டுபிடிச்சதும் அவதான். நான் அவவை முதல் நாளே "பிர்கிட் அக்கா" எண்டிட்டன், அவவும் அதுக்குத் திரும்பிப் பார்த்தா.

முக்காலியிலை ஏத்தி நிப்பாட்டி, வாயிலை குண்டூசியோடை இடுப்பைச் சுத்தி வந்தன். அப்பதான் சொன்னா. ஓட்டுறதுக்கு வைத்தியரின்ரை பேப்பர் வேணும், கண்ணும் நெஞ்சும் சரி எண்டு. கையிலை இருக்கிறது ஓகஸ்ட் கடைசி நாளோடை முடியுது. இனித் தரமாட்டன் எண்டு வைத்தியர் முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார். அதுக்குள்ளை பிளேன் தண்ணியை விட்டு எழும்பாட்டில், பேந்து வேறை ஆரோ ஒரு இளசு ஓட்டும். இவ கரையிலை நிண்டு கைதட்டவேணும். வாய் நிறைய ஊசி, ஆறுதல் சொல்லவும் ஏலாது. எவ்வளவு பிடிக்கிறது எண்டு கையாலை கேட்டன். அக்கா கண்ணாடியைப் பார்த்துச் சொன்னா: "செப்டெம்பரிலை நான் கொழுத்தால் கொழுத்துப்போறன், நீர் ஓகஸ்ட்டுக்கு அளவாத் தையும்."

ரெண்டு விரல் துணி

சாறி பிளவுஸ் தைக்கிற ஆக்களுக்குத் தெரியும், உள்ளுக்குள்ளை ரெண்டு விரல் துணி விடாமல் நாங்கள் தையல் போடமாட்டம். இண்டைக்குக் கலியாணம், நாளைக்குப் பிள்ளை, அடுத்த வருசம் அதே பிளவுஸைக் கொண்டுவந்து பிரிச்சு விடச் சொல்லுவினம். கை பழகிப்போச்சுது. செட்டை உறைக்கும் அப்பிடியே விட்டுத் தைச்சிட்டன்.

கிளவுஸ் வந்து உறையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாரே, மனுசனின்ரை முகம் பீற்றூட் ஆயிட்டுது. "இது என்ன? இது எத்தினை கிராம் தெரியுமோ?" பந்தயப் பிளேனிலை ஒவ்வொரு கிராமும் கணக்காம். நிண்ட நிலையிலை வெட்டச் சொன்னார். கலியாணப் பிளவுஸ் கதையைச் சொல்லிப் பார்த்தன், கேக்கேல்லை. எனக்கும் கோவம் வந்திட்டுது. வலக்கைப் பக்கத்து உறையிலை அந்த ரெண்டு விரல் துணியைத் தாறுமாறா வெட்டி எறிஞ்சு போட்டு, இடக்கைப் பக்கத்தை "நேரமில்லை, போங்கோ" எண்டு தொடாமலே விட்டிட்டன். வெட்டினது என்ரை பிழைதான், தொழில்காரி கோவத்திலை கத்திரிக்கோல் எடுக்கக்கூடாது.

உறையைச் செட்டையிலை கொழுவி, மேலை ஒரு பூச்சுப் பூசுவினம். அது காயக் காயத் துணி சுருங்கி மேளத்தோல் மாதிரி இறுகும். விடிய வந்து பார்த்தால் வலக்கைச் செட்டை தையலோடை வாயைப் பிளந்துகொண்டு கிடக்குது. இடக்கைச் செட்டை ஒரு நூல் அசையேல்லை. துணி சுருங்கினாலும் ஒண்டுதான், உடம்பு கொழுத்தாலும் ஒண்டுதான், இழுவைக்குத் தையலுக்குள்ளை பிடிமானம் வேணும். ஆனால் பத்து நாள் வீணாப் போச்சுது, அக்காவின்ரை நாளிலை இருந்து பத்து நாள். எனக்கு அழுகை வந்திட்டுது. கிளவுஸ் புதுத் துணியைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சு, மெல்லமாச் சொன்னார்: "செட்டையும் கலியாணத்துக்குப் பிறகு கொழுக்கும் எண்டு எங்களுக்குப் பல்கலைக்கழகத்திலை ஒருத்தரும் படிப்பிக்கேல்லை."

துணிக்கு அங்காலை

உறை போட்ட பிறகு, அதை உள்ளுக்கு இருக்கிற மரச் சட்டங்களோடை சேர்த்துத் தைக்கவேணும். செட்டையைச் சுவர் மாதிரி நிமித்தி வைப்பினம். ஒரு பக்கம் நான், மற்றப் பக்கம் பிர்கிட் அக்கா. முழ நீள ஊசியை நான் குத்தித் தள்ளினால் அவ அங்காலை இழுத்து, ஒரு விரல் தள்ளித் திருப்பி அனுப்புவா. ஒரு ஆளை மற்ற ஆள் காண ஏலாது. பின்னேர வெயில் கொட்டில் கதவாலை வந்து அந்தத் துணியிலை விழேக்கை, முழுச் செட்டையும் பால் நிறமா ஒளிரும். அதுக்குள்ளை அக்காவின்ரை நிழல் மட்டும் அசையும். வெளியிலை தண்ணி கல்லிலை மெல்லமா முட்டுற சத்தம். எனக்கு எத்தினை மணி, என்ன கிழமை எண்டதே மறந்துபோகும்.

முகம் தெரியாட்டில் கதை சுகமா வரும் போலை. நான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரனை நம்பிப் பத்தொன்பது வயசிலை தனியப் பிளேன் ஏறினதைச் சொன்னன். விழுந்திடுவன் எண்டு வழி முழுக்கக் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். விழப் பயமில்லையோ எண்டு அவவைக் கேட்டன். ஊசியோடை சேர்த்துக் குரலும் வந்தது: "விழுறதுக்கு முதல் எழும்பவேணும் பிள்ளை, எனக்கு அந்தப் பயம்தான்."

நித்திரையிலை தையல்

அந்தப் பூச்சின்ரை மணம் வாழைப்பழமும் பெற்றோலும் கலந்த மாதிரி. உடுப்பிலை, மயிரிலை, சோத்திலை கூட. அதை மணந்து மணந்து எனக்கு ஒவ்வொரு நாளும் கனவு. ஏரிக்கு மேலை ஒரு வெள்ளைத் துணி தன்ரை பாட்டிலை பறக்குது, அதின்ரை ஓரம் மடிச்சுத் தைக்காமல் கிடக்குது, நான் ஊசியோடை தண்ணிக்கு மேலாலை நடந்து போறன். காலிலை ஈரம் படாது. கிட்டப் போகத் துணி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். பயமே இல்லை, நல்ல சுகமா இருக்கும்.

என்ரை மனுசன் ரவி ஒரு ஹோட்டல் குசினியிலை வேலை. கடலோரத்து ஆள், தண்ணியைப் பற்றி எது சொன்னாலும் மறுக்கமாட்டார். கனவை விடியத் தேத்தண்ணியோடை சொன்னன். அவர் ஊதி ஊதிக் குடிச்சுப்போட்டுச் சொன்னார்: "நடக்கிறது பரவாயில்லை, ராத்திரி என்ரை போர்வையைப் பிடிச்சு ஓரம் மடிச்சனீர்."

தேசிக்காய்

வேலை முடிஞ்சுது, ஓகஸ்ட் பிறந்துது, பிறந்த நாள் தொட்டு மழையும் காத்தும். பறக்க அனுமதி கிடைச்ச மூண்டு சனிக்கிழமையிலை ரெண்டு அப்பிடியே கரைஞ்சுது. மிச்சம் ஒண்டுதான், மாசத்தின்ரை கடைசிச் சனி. அக்கா கொட்டில் வாசலிலை வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. எனக்குப் பொறுக்கேலாமல் போச்சுது.

புது வாகனம் எண்டால் சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு நசிக்காமல் நாங்கள் எடுப்பமே? இந்தச் சனியனுக்குச் சில்லே இல்லை! யோசிச்சுப் பார்த்தன். கரைக்கு இறக்கிற தள்ளுவண்டிக்கு நாலு சில்லு இருக்குது. வெள்ளிக்கிழமை முழுகிப்போட்டு வந்து நாலுக்கும் நாலு தேசிக்காய் வைச்சன். பிளேனின்ரை மூக்கிலை சந்தனப் பொட்டும் வைச்சன். கிளவுஸ் குனிஞ்சு பொட்டை உத்துப் பார்த்தார். துடைக்கப்போறார் எண்டு நினைச்சன். துடைக்கேல்லை. கொப்பியை எடுத்து என்னவோ எழுதினபடி சொன்னார்: "சந்தனம் ஒரு கிராம், சேர்த்திட்டன்."

கண்ணாடித் தண்ணி

கடைசிச் சனி விடிய ஏழு மணி. மழையில்லை, காத்தில்லை, ஏரி முழுக்கக் கண்ணாடி. மலையும் வானமும் தண்ணிக்குள்ளை தலைகீழாக் கிடந்தது. என்ன வடிவு! நான் சந்தோசப்பட, கிளவுஸ் தலையிலை கை வைச்சார். தண்ணி இப்பிடி அசையாமல் கிடந்தால் மிதவையைப் பிடிச்சு வைச்சிருக்குமாம், விடாதாம். அலை வேணும். சங்கத்து ஆக்கள் பாதிப்பேர் விடுமுறைக்குப் போட்டினம், ஜேர்மன்காரருக்கு ஓகஸ்ட்டிலை கடவுளே வந்தாலும் லீவுதான். என்னோடை வந்த ரவி சப்பாத்தைக் கழட்டினார். "வள்ளத்தைத் தாங்கோ, நான் கிளப்பிறன் அலை." கிளவுஸையும் ஏத்திக்கொண்டு ஏரியைக் குறுக்கும் மறுக்குமா உழுதார்.

எனக்கு ஒரே ஒரு வேலை. தண்ணிக்குள்ளை நீட்டின மரப் பாலத்து நுனியிலை நிண்டு, மிதவை தண்ணியை விட்டால் செக்கன் எண்ணுற மணிக்கூட்டை அமத்திறது, திரும்பத் தொட்டால் அமத்திறது. முதல் ஓட்டம், எழும்பேல்லை. ரெண்டாம் ஓட்டம், மூக்கு நிமிந்தது, திரும்பக் குந்திவிட்டுது. எஞ்சின் சூடேறிப்போச்சுது, இனி ஒருக்காத்தான் எண்டு கிளவுஸ் கையைக் காட்டினார். மூண்டாம் தரம் வருகுது. தண்ணி மிதவையிலை சடசட எண்டு அடிக்குது. ஐயோ, என்னாலை பார்க்க ஏலேல்லை. மணிக்கூட்டோடை சேர்த்துக் கையைக் கும்பிட்டுக் கண்ணை இறுக்கி மூடிப்போட்டன். பிள்ளையாரே, பிள்ளையாரே. திடீரெண்டு அந்தச் சடசடப்பு நிண்டது. எஞ்சின் மட்டும். உலகத்திலை வேறை ஒண்டுமில்லை. பிறகு பொத்தெண்டு தண்ணி. கண்ணைத் திறந்தால் பிளேன் ஏரியிலை வாத்து மாதிரி இருக்குது, மணிக்கூட்டிலை சைபர்.

வள்ளத்திலை நிண்ட ரெண்டு பேரும் தண்ணி தெறிச்சு ஒண்டும் காணேல்லை. கரையிலை பூட்டின கமராவிலையும் வெறும் தூவானம். அக்கா நனைஞ்சு வந்து என்ரை கையைப் பிடிச்சா. "எழும்பினனானோ? இதைக் கனவிலை எத்தினை தரம் செய்திட்டன், எனக்கே என்னை நம்ப ஏலாமல் கிடக்கு." ஒரு நம்பரைச் சொல்லியிருக்கலாம். வாய் வரேல்லை. கண்ணை மூடின கதையைச் சொன்னன். வெக்கத்திலை செத்தன். "ஆனால் சத்தம் நிண்டது, அக்கா," எண்டன், "தண்ணிச் சத்தம் முழுக்க நிண்டது. அது நிண்டதிலை இருந்து திரும்ப வரும்வரைக்கும் நான் பத்தொன்பது தரம் பிள்ளையாரே எண்டு சொன்னனான். எண்ணினனான்."

தையல்காரி எண்ணினால் பிழை வராது எண்டு அவைக்குத் தெரியும். அதே அவசரத்திலை திரும்பச் சொல்லு எண்டு கிளவுஸ் மணிக்கூட்டைப் பிடிச்சார். சொன்னன், பாலத்திலை நிண்டு, அழுது அழுது பத்தொன்பது தரம். பதினொரு செக்கன் வந்தது. அவர் கொப்பியைத் திறக்க, அக்கா முகத்தைத் துடைச்சுப்போட்டுப் பேனையை மறிச்சா: "செக்கனிலை எழுதாதை, கிளவுஸ். பத்தொன்பது பிள்ளையார் எண்டு எழுது."

சீவியம் முழுக்க அளவெடுத்துச் சோறு திண்ட நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரேயொரு அளவு அதுதான், அதை மட்டும் இன்னும் ஒருத்தரும் திருத்தக் கொண்டுவரேல்லை.