டெமோ பொத்தான்

எங்கள் ஊரில் அதற்குமுன் யார் வீட்டுக்கும் பியானோ வந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய கீபோர்டுதான். ஆனால் அப்பா கடைசிவரை பியானோ என்றேதான் சொன்னார். சேந்தமங்கலத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கொண்டுவந்தார் மாமா. எனக்கு ஒன்பது வயது. சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறே இறங்கவில்லை!

கட்டையை அழுத்தினால் சத்தம் வந்தது, பாட்டுதான் வரவில்லை. எங்கள் பள்ளிக்கூட டீச்சர் சர்ச்சில் வாசிப்பவர். கட்டைகள்மேல் ஒன்றுமுதல் எட்டுவரை பேனாவால் எழுதி, பள்ளியில் தினமும் பாடும் பிரேயர் பாட்டுக்கான எண்களை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார். விரல் ஒரு பக்கம் போனது, எண் ஒரு பக்கம் போனது. மூன்றாம் நாள் எரிச்சலில் ஓரத்துப் பொத்தான் ஒன்றை அழுத்தினேன். அடேயப்பா! மேளதாளத்தோடு ஒரு முழுப் பாட்டு தானாகவே கொட்டியது! அதற்கு டெமோ என்று பெயராம்.

அன்று சாயங்காலமே கச்சேரி. பொத்தானை நைசாக அழுத்திவிட்டு, பத்து விரலையும் பட்டும் படாமல் ஓடவிட்டேன். அப்பா வாயைப் பிளந்தார். மாமா செல்போனில் படம் பிடித்தார். நான் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். நடுவில் மூக்கு அரித்தபோது இரண்டு கையாலும் நன்றாகச் சொறிந்துகொண்டேன். பாட்டு அதுபாட்டுக்கு ஓடியது. மூலையில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்த அம்மா, எல்லாரும் கைதட்டி முடித்ததும், "மூக்கு ரொம்ப அரிக்குதா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். இவ்வளவு வாசித்திருக்கிறேன், இவள் மூக்கை விசாரிக்கிறாளே என்று எனக்குக் கோபம்.

மறுநாள் காலையிலேயே அப்பா பஸ் கண்டக்டர்வரை சொல்லிவிட்டார். "எம்புள்ள பியானோ வாசிக்குதுங்க, வந்து பாருங்க!" டீச்சர் காதுக்கும் போனது; அவர் சுதந்திர தின விழாவில் என் பேரைச் சேர்த்துவிட்டார். பத்தே நாள்தான். எனக்கென்ன பயம்? பொத்தான் இருக்கிறதே!

பள்ளி விட்டு ஓடிவந்து அழுத்தினால் பொத்தான் அசையவில்லை. சுற்றிலும் பலாப் பால் இறுகிப்போய்க் கிடந்தது. ஐயோ, ஊர் முன்னால் மானம் போச்சே என்று நான் போட்ட கூப்பாட்டில் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"பலாச்சுளை தின்ன கையோட தொடாதேன்னு எத்தன தடவ சொல்றது சாமி? அழுதா பொத்தான் எந்திரிக்குமா? டீச்சர் குடுத்த தாள எடு."

முந்தின நாள் சுளை தின்றது உண்மைதான். யாரை நோவது? எடுத்தேன். நான்காம் நாள் முதல் வரி முழுசாக வந்தது பாருங்கள், நான் குதித்த குதியில் கோழியெல்லாம் வெளியே ஓடியது! அது நான் வாசித்தது! நானே! அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை.

விழாவில் ஒரே விரலால் வாசித்தேன். இரண்டு இடத்தில் தடுக்கியது. மூன்றாவது வரியில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள்! என் விரல் போன இடத்துக்கெல்லாம் அத்தனை குரலும் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ஊட்டுல பத்து வெரலாலயும் வாசிச்சியே கண்ணு?" என்றார் அப்பா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அம்மா அந்த ஒரு விரலைப் பிடித்துக்கொண்டே வீடுவரை நடந்தாள்.

பால் ஒட்டிய என் கை அன்று எல்லாக் கட்டையையும்தான் தொட்டது. அந்த ஒரு பொத்தானில் மட்டும் அது எப்படிச் சுற்றிலும் பூசினாற்போல ஒட்டியது என்று கேட்க, அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.