டெல்லிக்கு எத்தனை கிலோமீட்டர்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் அப்போது எனக்கு ஒரு பேப்பர் கடை. படிப்பு அஞ்சாவதோடு சரி. ரயில்வே டைம்டேபிளைப் புரட்டிப் புரட்டித்தான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டப் பழகினேன். மெட்ராசிலிருந்து எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

எழுபதுகளில் ஒரு வருஷம். புது மிஷின் பழகிவர கம்பெனி தன்னை டெல்லிக்கு பிளேனில் அனுப்பியதாகத் தொழிற்பேட்டை ஃபிட்டர் ஒருவர் சொன்னார். ஃபிட்டரை யார் பிளேனில் ஏற்றுவார்கள்? எதிர் டீக்கடையில் ஒருத்தரும் நம்பவில்லை. தினம் அவர் வாயைக் கிளறுவதுதான் எங்களுக்கு நாஷ்டா. மனுஷன் கோபித்துக்கொள்ள மாட்டார். காதுக்குப் பஞ்சு கொடுத்ததையும் மிட்டாய் கொடுத்ததையும் அன்றைக்குத்தான் நடந்த மாதிரி சொல்வார்.

அவர் மகளுக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வரன் வந்தது. பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. பையனின் அப்பா ஊருக்குக் கிளம்புமுன் ஃபிட்டரோடு டீ குடிக்க வந்து, கம்பெனியே பிளேனில் அனுப்பின மனுஷர் என்று எங்களிடமே பெருமைப்பட்டார். அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"நைனா, டெல்லி எவ்ளோ நேரம்?" என்று ஃபிட்டரைக் கேட்டேன்.

மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல் என்றார். தூரம் கேட்டேன். ஒரு கிலோமீட்டர் பிசகாமல் டைம்டேபிளில் இருப்பதைச் சொன்னார்.

"அது ரயில் தூரமாச்சே நைனா. மேகத்துல தண்டவாளம் போட்டுக்கிறானா?"

டீக்கடையே சிரித்தது. பிளேன் கூடூரில் எத்தனை நிமிஷம் நின்றது, விஜயவாடாவில் சாப்பாடு ஏறியதா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். டிக்கெட் வீட்டில் இருக்கிறது என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பையனின் அப்பா டீயைப் பாதியில் வைத்தார்.

"பறக்காதவன் பறந்தேன்றான். பொண்ணப் பத்தி இன்னான்னா மறைச்சிக்கிறானோ."

இதை அவர் ஃபிட்டரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

வரன் முறிந்து பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணே கடைக்கு வந்தாள். பேப்பர் கட்டின்மேல் பிளேன் டிக்கெட்டின் அடிக்கட்டையை வைத்தாள். அப்பா பேர், ஊர், புறப்படும் நேரம் எல்லாம் அதில் இருந்தது.

"இதுல நேரம் போட்டுக்குதுண்ணா, தூரம் போடல. நீங்க கேப்பீங்கன்னு, உங்க கடையில வாங்கின டைம்டேபிள் புஸ்தகத்தப் பாத்து மனப்பாடம் பண்ணிக்கினு வந்தாரு. நெஜமா எவ்ளோ தூரம்?"

தெரியாது என்றேன். அன்றைக்குக் கேட்டபோதும் எனக்குத் தெரியாது.

நீங்களே நேரில் போய்ச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டில் நம்புவார்கள் என்றாள். போகிறேன் என்றேன். திருவள்ளூரில் பஸ் மாறினால் பொதட்டூர்பேட்டை அரை நாள். போகவில்லை. போயிருந்தால் டீக்கடை என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

தை மாசம் பையனுக்கு ஆர்.கே.பேட்டையில் பெண் எடுத்தார்கள். ஃபிட்டர் அதற்கப்புறமும் என்னிடம்தான் பேப்பர் வாங்கினார். டீக்கடையில் அவருக்குத் தண்டவாளம் என்றே பேர் நின்றுவிட்டது. டிக்கெட்டைக் கண்ணால் பார்த்த நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.