ப-வும் ம-வும்

பொதட்டூர்பேட்டையில் யுவஸ்ரீயின் வீட்டுக்குள்ளேயே நாலு பவர்லூம் ஓடும். அந்த இரைச்சலில் நன்றாகக் காது கேட்பவர்களே ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். காது மந்தமான யுவஸ்ரீக்கு அங்கே ஒரு குறையும் தெரிந்ததில்லை. குறையெல்லாம் திருத்தணிப் பள்ளிக்கூடத்தில், இங்கிலீஷ் வாத்தியார் ஹேமநாதன் வடிவில் வந்தது.

உதட்டில் ப-வும் ம-வும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டிக்டேஷனில் அவர் 'பென்' என்றார், அவள் 'மென்' என்று எழுதினாள். வகுப்பே சிரித்தது. அதிலிருந்து டிக்டேஷன் என்றாலே அவளுக்குப் பயம். எந்தச் சொல் எங்கே வரும் என்று முந்தின நாளே உருப்போட்டுக்கொண்டு போவாள். அந்தப் புண்ணியவானோ புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு வாசிப்பார். முடித்ததும் புத்தகத்தை இறக்கி, 'செவிட்டு மெஷினு' என்று சத்தமில்லாமல் வாயசைத்துப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பார். சத்தம் வராவிட்டால் அவளுக்குத் தெரியாதாம். தறிக்காரர் வீட்டுப் பெண்ணிடமா இந்த வேலை?

யுவஸ்ரீ ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு ஏச்சையும் அகராதி பார்த்து இங்கிலீஷில் எழுதி, தேதி போட்டு வைத்தாள். அந்த ஆத்திரத்தில்தான் அவளுக்கு இங்கிலீஷே வந்தது.

ஜனவரியில் ஆய்வுக்கு ஓர் அதிகாரியம்மா வந்தார். இவளுக்கு இங்கிலீஷ் ஏறாது, பரீட்சையில் அந்தப் பாடத்துக்கு விலக்கு எழுதிவிடலாம் என்றார் ஹேமநாதன். எழுதிவிட்டால் அவளுக்கு இங்கிலீஷ் அத்தோடு போச்சு. அந்த அம்மாள் அவள் முகத்துக்கு நேரே நின்று, நீயே எழுதியது ஏதாவது வாசி என்றார்.

யுவஸ்ரீ நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்தாள். ஜூன் பன்னிரண்டு, எங்கள் வாத்தியார் என்னைச் செவிட்டு மெஷின் என்றார். ஜூன் பத்தொன்பது, ஊமைக்கு எதற்கு இங்கிலீஷ் என்றார். பிழையில்லாத இங்கிலீஷில் ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க நெஞ்சு குளிர்ந்தது.

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஹேமநாதனின் முகம் வெளுத்துவிட்டது. சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் கெஞ்சினார்.

"போதும்மா."

அவர் சொன்னது அவளுக்குத் தெளிவாகவே புரிந்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஏன் நிறுத்திவிட்டாய் என்று அதிகாரி கேட்டார்.

"சார் பின்னாடி நின்னுகினு 'மோதும்மா'ன்றாருங்க" என்று சொல்லிவிட்டு, யுவஸ்ரீ அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.