ராஜண்ணாவின் இருபது மைக்ரோஆம்ப்

ராஜண்ணா போய்விட்டார். ஹார்ட் அட்டாக்... இன்று காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது.

பெங்களூர் பீன்யாவில் ஒரே டெஸ்டிங் டேபிளில் என் எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர். முழுப் பெயர் ஆரோக்கியராஜ். பிரேசர் டவுன் ஆரோக்கியராஜ் என்றால் எங்கள் லைனில் பழைய ஆட்களுக்குத் தெரியும்.

நாலு மணிக்கு அடக்கம். பெட்டியை மூடுவதற்குள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

ஆனால் நான் இன்னும் ஓசூரைத் தாண்டி அத்திபெலேயில், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் எங்கோ ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறதாம். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், செய்தி கேட்டதும் மண்டபத்தில் சாப்பிடாமல்கூடக் கிளம்பி ஓடி வந்தேன்.

கண்டக்டரிடம் கேட்டுக் கேட்டு அவரே சலித்துவிட்டார். "ஏன் மாடோது மேடம், என்ன பண்றது, நான் இறங்கித் தள்ளவா முடியும்?" என்கிறார். அவர்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் ஆம்ப்ளிஃபயர் போர்டு டெஸ்ட் பண்ணுகிறவர்கள். டிரான்சிஸ்டரின் எமிட்டர் கரண்ட் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போட்டு, மீட்டர் வைத்துச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால். பேஸ் வழியாகத் துளி கரண்ட் உள்ளே போகும், கலெக்டர் வழியாக நிறையப் போகும், இரண்டும் சேர்ந்து எமிட்டர் வழியாக வெளியே வரும். கூட்டினால் கணக்கு முடிந்தது.

எங்கள் போர்டில் கலெக்டர் இரண்டு மில்லிஆம்ப். பேஸ் வெறும் இருபது மைக்ரோஆம்ப், அதாவது அதில் நூறில் ஒரு பங்கு. நான் பேஸைக் கண்டுகொள்ளவே மாட்டேன். எமிட்டரும் இரண்டு என்று எழுதிவிட்டு அடுத்த போர்டை எடுப்பேன். பாதி உலகம் அப்படித்தான் செய்கிறது.

ராஜண்ணா மட்டும் விடமாட்டார்.

"செல்வி, ரெண்டு பாயிண்ட் ஜீரோ டூ. கூட்டிப் போடும்மா."

"அண்ணா, அங்க இருக்கற ரெசிஸ்டரே அஞ்சு பர்சன்ட் முன்னபின்ன இருக்கும். உங்க ஒரு பர்சன்ட்டை நான் எங்க போய்த் தேடறது?"

"தேடாத. கூட்டு. அது உள்ள போனாத்தானே மத்தது ஓடுது? வந்தவனை வரலைன்னு எழுதுவியா நீ?"

தினமும் இதே சண்டை. நடுவில் உட்கார்ந்திருக்கும் நாகராஜ் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு நாள் அந்த இருபது மைக்ரோஆம்பை என் கண்ணுக்கே காட்டுகிறேன் என்று கிளம்பினார். மீட்டரின் சிவப்பு ஒயரைக் கரண்ட் சாக்கெட்டில் மாற்றிச் செருகினார், பேஸ் லைனில் கோத்தார்... இருபதைக் காட்டியே விட்டார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அந்தப் பெருமையில் ஒயரைத் திருப்பி மாற்ற மறந்துவிட்டார். அப்படியே போய் சப்ளை வோல்டேஜில் வைத்தார். பட்! மீட்டர் ஃப்யூஸ் போச்சு.

எங்கள் டேபிளில் ஒரு சட்டம் உண்டு. யார் கையில் மீட்டர் ஃப்யூஸ் போகிறதோ அவர் எல்லாருக்கும் பேக்கரியிலிருந்து தேங்காய் அடைத்த தில்பசந்த் வாங்கி வர வேண்டும். மனுஷர் எழுந்து பேக்கரிக்குப் போய் வாங்கி வந்தார்.

"இருபது மைக்ரோஆம்புக்கு இவ்ளோ பெரிய தில்பசந்தாண்ணா?" என்று கேட்டேன்.

"மானமே போச்சு, பேசாம தின்னு" என்றார். சட்டையெல்லாம் தேங்காய்த் துருவல்.

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். டிப்ளமோ படிக்கும் அவர் பெண் ஜெனியின் கணக்கு. "எமிட்டர் கரண்ட் எவ்வளவு, சொல்லு" என்று கீழே.

அவருக்குத் தெரியாதா என்ன! வேண்டுமென்றே பேஸை விட்டுவிட்டுப் பதில் போட்டேன். உடனே வாய்ஸ் மெசேஜ்.

"விட்டுட்ட பாத்தியா... ஜெனி, இந்த ஆண்ட்டி பேச்சைக் கேட்டா நீ ஃபெயிலுதான்!" பின்னால் ஜெனி சிரிக்கிறாள்.

பஸ்ஸில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்து சீட் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நாகராஜ் போன் பண்ணினார்.

"செல்வி, எல்லிதியா? எங்க இருக்க?"

"அத்திபெலே."

"இன்னுமா! பூசை முடியப் போகுது. பெட்டி மூடிடுவாங்க."

"கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்களேன்..."

"நான் சொன்னா கேப்பாங்களா? ஃபாதர் அவசரப்படுத்தறாரு. இரு, போனை ஸ்பீக்கர் கிட்ட வைக்கறேன். கேளு."

கேட்டேன். ஃபாதர் ஜெபம் சொல்கிறார். அந்தக் கோயிலில் இருப்பது எங்கள் டேபிளில் டெஸ்ட் பண்ணிய ஆம்ப்ளிஃபயர். ராஜண்ணாவே தூக்கிக்கொண்டு போய் மாட்டினது. இன்னும் துளி இரைச்சல் இல்லை. "ஆரோக்கியராஜ்" என்று ஃபாதர் சொன்னது அவ்வளவு தெளிவாக விழுந்தது.

லைன் கட் ஆகிவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

இப்போது நாகராஜிடமிருந்து ஒரே வார்த்தை வந்திருக்கிறது. "மூடிட்டாங்க."

பஸ் இன்னும் நகரவில்லை. டிரைவர் இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டார்.

ராஜண்ணா... ரெண்டு மில்லிஆம்ப். ஜெனிக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

எழுந்து வந்து திருத்துங்க.